நாற்பத்தொன்றாம் எண்

ஜூலை முழுக்க
தானியச் சந்தைக் கட்டடத்தின் சாவி என்னிடம்.
கோதுமைக்குப் பேரம் பேசிய கூடத்தில்
இப்போது அறுபத்துமூன்று படங்கள்,
கம்பளியில் பின்னிய ஒரு குதிரை,
விலை கேட்டால் கோபித்துக்கொள்ளும் ஒரு குயவர்.

வட்டாரக் கலைஞர்கள் மட்டும் என்கிறது பதாகை.
வட்டாரம் எதுவரை என்பதற்கு
மூன்று கூட்டம் போட்டுச் சண்டை.
கடைசியில் பாலத்துக்கு அந்தப்பக்கத்து நெஸ்டாவையும்
சேர்த்துக்கொண்டார்கள்.
அவள் வரையும் முயல்கள் விற்குமாம்.
விற்கத்தான் விற்றன.

மட்டம் பார்த்துத்தான் மாட்டினேன் எல்லாவற்றையும்.
கோணல், சுவரில்.

புதன்கிழமை சந்தை.
சன்னலைத் திறந்தால் ஆட்டு வாடை,
சாத்தினால் வார்னிஷ் வாடை.
வெளியே ஏலக்காரர்
ஒரு மூச்சில் நாற்பது குட்டிகளை விற்றுத் தள்ளுகிறார்.
உள்ளே மூன்று நாளில்
நான்கு சிவப்புப் பொட்டு ஒட்டியிருக்கிறேன்.
அதிலும் ஒன்று, வரைந்தவரின் மைத்துனர்.

அன்றுதான் ஐவர் ப்ரோபெர்ட் வந்தார்.
யாரும் சொல்லாமலே பூட்ஸைக் கழற்றி
வாசலில் வைத்தார்.
சாக்ஸ் ஓட்டையில் ஒரு கட்டைவிரல்
கூடவே வந்து பார்த்தது.

எண் நாற்பத்தொன்று.
டில்டா மேடக்ஸ், எண்ணெய் வண்ணம்,
முந்நூற்றிருபது பவுண்டு.
மாடு பிடிக்க வந்தவர் மாதிரி
நேரே நின்றார், பக்கவாட்டில் போனார்,
எட்டிப் போய் மறுபடி நின்றார்.

“இது என் வயல்” என்றார்.
அப்புறம்,
“கேட் வலப்பக்கம் இருக்கிறது.
என்னுடையது இடப்பக்கம்.”

அன்று டில்டாவுக்குக் காவல் முறை.
செர்ரிக் கொட்டையைக் கைக்குட்டையில் துப்பிவிட்டுச் சொன்னாள்:
“தெரியும்.
இடப்பக்கம் இருந்தால்
கண் அது வழியாக வெளியே ஓடிப்போகிறது.
அதனால் நகர்த்தினேன்.”

“எதை?”

“கேட்டை.”

“எவ்வளவு நேரம் பிடித்தது?”

“தேநீர் ஆறுவதற்குள்.”

“அங்கே கீழே பாறை” என்றார் ப்ரோபெர்ட்.
அவள் மன்னிப்புக் கேட்கவில்லை.
அவரும் கோபப்படவில்லை.
பூட்ஸ் மாட்டத்தான் நேரமாயிற்று.

அடுத்த புதனும் வந்தார்,
சட்டைப் பையில் ஏலச் சீட்டு துருத்திக்கொண்டிருக்க.
அதற்கடுத்த புதன் மனைவியோடு.
மெரியல் ஒரு நிமிடம் பார்த்து,
“மேகம் சரியாக இருக்கிறது” என்றாள்,
ஜாம் வாங்கப் போய்விட்டாள்.
அவர் மட்டும் நின்றார்.
விலைச்சீட்டை ஒருமுறைகூடத் தொடவில்லை.

கடைசிச் சனிக்கிழமை
லண்டனிலிருந்து ஒரு ஜோடி.
குளியலறைக்கு எதிர்ச்சுவரின் அளவு
அவர்கள் கைபேசியில் இருந்தது.
“இது எந்த இடம்?” என்று கேட்டார்கள்.
“முக்கால்வாசி இங்கேதான்” என்றேன்.
பொட்டு என் விரலிலேயே ஒட்டிக்கொண்டு
வர மறுத்தது.
வெயில் காலத்தில் பசை அப்படித்தான்.

ஆணித் துளைகளைப் பற்பசை வைத்து அடைத்தேன்.
சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

செப்டம்பரில்,
விற்காத கம்பளிக் குதிரையைப் பின் சீட்டில் ஏற்றி
மேட்டுப் பண்ணைக்குக் கொண்டுபோகும் வழியில்
ப்ரோபெர்ட்டின் வயல்.

வலப்பக்கம் கேட்.

புதுத் தூண்கள்,
அடியில் உடைத்துப் போட்ட கல் குவியல்,
இன்னும் வெள்ளை மாறாத கல்.
இடப்பக்கம், பழைய இடத்தில்,
பிளாஸ்டிக் குழாய்க்குள் முள்வேலிக் கன்றுகள்
ஏழோ எட்டோ.

டிராக்டர் திரும்ப இதுதான் சுலபமாக இருக்கலாம்.
இடப்பக்கம் மழைத் தண்ணீர் தேங்கும் என்று
யாரோ எப்போதோ சொன்ன ஞாபகம்.
நான் கேட்கவில்லை.
தூரத்தில் அவர்
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் தூக்கினார்.
இந்தப் பக்கத்தில் வணக்கம் அவ்வளவுதான்.

எஞ்சினை அணைத்துவிட்டு,
கண்ணைச் சும்மா விட்டுப் பார்த்தேன்.
சரிவில் இறங்கியது, வைக்கோல் உருளைகளைச் சுற்றியது,
வேலியோரமாய் வந்து
கேட்டில் முட்டி
உள்ளேயே திரும்பியது.

பின்னால் பால் லாரி ஹாரன் அடித்தது.